திராட்சைப் பந்தலுக்கும் ஒயின் ஆலைக்கும் ஒரே தொழிலாளர் சட்டமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. கம்பம் பக்கத்தில் உங்களுக்கு எட்டு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கவாத்துக்கும் (கொடியைக் கத்தரித்து விடுவது) அறுவடைக்கும் மேஸ்திரி மூலமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். இப்போது இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, பழச்சாறும் ஒயினும் எடுக்கும் ஒரு சிறிய ஆலையில் பங்கு போடப்போகிறீர்கள். உங்கள் ஆடிட்டர், "விவசாயம்தானே, லேபர் சட்டம் எதுவும் வராது" என்று சொல்லிவிட்டார். அது சரியா என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பந்தலுக்கு அடியில் வேலை பார்ப்பவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்பது ஒன்று. பறித்த பழம் எந்த இடத்தைத் தாண்டும்போது விவசாயம் முடிந்து தொழிற்சாலை தொடங்குகிறது என்பது இன்னொன்று. ஆடிட்டர் சொன்னது முதல் கேள்விக்குப் பாதி சரி. இரண்டாவதற்குச் சுத்தமாகத் தவறு.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாசிக் மாவட்டத்தில் ஒயின் ஆலை ஒன்றில் நான்கு வருடம் ஆள் நிர்வாகம் பார்த்தேன். அதன்பிறகு மதுரையிலிருந்து தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), சம்பளக் கணக்கு வேலைகள் செய்துவருகிறேன். நான் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல் அல்ல. மது உரிமம், ஆயத்தீர்வை பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது வேறு துறை. ஆள், கூலி, பதிவேடு, விபத்து, இந்த நான்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆடிட்டரின் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அந்தப் பழக்கத்திலேயே தொழிலாளர் சட்டமும் வயலுக்குள் நுழையாது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே, அது பொருந்தும் தொழில்களைப் பட்டியலிட்ட அட்டவணையில் விவசாயம் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று, பல பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான ஊதியத் தொகுப்பு, அட்டவணை என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. இன்ன தொழில், அன்ன தொழில் என்ற வித்தியாசம் இல்லாமல் கூலிக்கு வேலை செய்யும் எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. பழைய சட்டத்தின் கீழ் வந்த கூலி அறிவிப்புகள், புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாத வரை தொடரும். அன்றைய தொகை எவ்வளவு என்பதை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் மாறிக்கொண்டே இருப்பது. இணையத்தில் யாரோ எழுதியதை நம்பாதீர்கள், நான் எழுதினாலும் சரி.

"எங்கள் ஊரில் நடப்புக் கூலியே அறிவித்த கூலியைவிட அதிகம்" என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அது ஆண் கூலி. பெண் கூலியைக் கணக்கில் எடுத்துப் பாருங்கள். ஒரே பந்தலில், ஒரே காலையில், ஒரே குலையைக் கத்தரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு இரண்டு கூலி கொடுப்பதை நான் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒரே வேலைக்கோ ஒத்த வேலைக்கோ பால் அடிப்படையில் கூலி வேறுபாடு கூடாது என்பது 1976ஆம் ஆண்டிலிருந்தே சட்டம், இப்போது ஊதியத் தொகுப்பின் 3ஆம் பிரிவு. கவாத்து வெட்டுவது தனித் திறமை, அதற்குத் தனிக் கூலி வைத்தால் தவறில்லை. ஆனால் அதே திறமையுள்ள ஒரு பெண் கவாத்துக் கத்தரியை எடுத்தால் அவருக்கும் அந்தக் கூலிதான். இலை கிள்ளுவதும் பிஞ்சு கழிப்பதும் "பொம்பளை வேலை" என்று ஒதுக்கிக் கூலியைக் குறைப்பதை ஊர் வழக்கம் என்பார்கள். நாள் முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துச் செய்கிற வேலை அது. ஒரு நாள் நீங்களே செய்து பாருங்கள், அப்புறம் கூலியை முடிவு செய்யுங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலிருந்து விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஏலம், தேயிலை, காபி, ரப்பர் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டிலிருந்தே தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது, இப்போது அது நான்கு தொகுப்புகளில் இன்னொன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ, 15 பேரோ அதற்கு மேலோ என்றால் மருத்துவ வசதி, குடிநீர், கழிப்பறை எல்லாம் முதலாளியின் கடமை. திராட்சை அந்தப் பட்டியலில் கிடையாது. அதாவது, மலை ஏறினால் ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி கழிப்பறை கேட்கும் உரிமை இருக்கிறது. அதே பெண் பள்ளத்தாக்கில் இறங்கி உங்கள் பந்தலுக்கு வந்தால் அந்தச் சட்டம் அவரோடு வருவதில்லை. ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி என்றேனே, அந்தப் பாதி இதுதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தப் பழத்தைப் பறிக்கும் கைகளுக்கு இன்னும் தோட்டத் தொழிலாளி என்ற பெயர் கூடக் கிடைக்கவில்லை. எட்டு ஏக்கருக்கு இது எப்படியும் பொருந்தாது என்றாலும், சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு கழிப்பறையும் நிழலில் குடிதண்ணீரும் வைத்துவிடுங்கள். செலவு பெரிதில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் உங்கள் தோட்டத்துக்குத் திரும்பவும் அது ஒரு காரணமாக இருக்கும்.

அடுத்தது மேஸ்திரி. "நான் மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன், அவர் எப்படிப் பிரித்தாலும் எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லாதவர் இல்லை. ஊதியத் தொகுப்பின் 43ஆம் பிரிவைப் பாருங்கள். கூலி கொடுக்க வேண்டியவர் கொடுக்கத் தவறினால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளர் அந்தத் தொகைக்குப் பொறுப்பு. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பகுதி 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் வரும், அதனால் உங்களுக்கு உரிமம் எல்லாம் தேவைப்படாது. ஆனால் கூலிப் பொறுப்புக்கு அந்த 50 என்ற கணக்கு கிடையாது. வியாபாரி பந்தலோடு பழத்தை மொத்தமாக விலை பேசி, தன் ஆட்களைக் கொண்டுவந்து வெட்டிக்கொண்டு போகிறார் என்றால், அந்த ஆட்களுக்கு முதலாளி யார் என்பது கொஞ்சம் சிக்கலான கேள்வி. பேச்சு வியாபாரியோடு மட்டும் என்றால் அவர்தான் என்பது என் கருத்து. ஆனால் கத்தரி, ஏணி, பெட்டி எல்லாம் உங்களுடையது, வேலையையும் நீங்களே நின்று வாங்குகிறீர்கள் என்றால், "என் ஆட்கள் இல்லை" என்று சொல்வது எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகமே.

பதிவேடு பற்றி ஒரு நல்ல செய்தி, ஒரு எச்சரிக்கை. விவசாயத்துக்கு ஐந்து பேர் வரை மட்டும் வைத்திருப்பவருக்குப் பதிவேடு, கூலிச் சீட்டு வைக்கும் கடமை இல்லை. ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்டினால் போதும். நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்கிறீர்கள், ஆகவே இந்த விலக்கு உங்களுக்கு இல்லை. எச்சரிக்கை என்னவென்றால், ஒருவர் "கூலி குறைவாகக் கொடுத்தார்" என்று மனு போட்டால், முழுமையாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. மனு போட மூன்று வருடம் வரை அவகாசமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை யார் யார் வந்தார்கள் என்பதை மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டு காப்பாற்றாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பெயர், வேலை, நேரம், கூலி, கையெழுத்து அல்லது ரேகை, இவ்வளவுதான். முடிந்தால் கூலியை அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. தினக்கூலியை அன்றைக்கே கொடுக்க வேண்டும், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், வேலையை விட்டுப் போனால் இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். முன்பணம் கொடுத்து, அது தீரும் வரை வேறிடம் போகக்கூடாது என்று ஆளைக் கட்டிவைத்தால் அது கூலித் தகராறு அல்ல, கொத்தடிமைச் சட்டம். அதில் தயவு தாட்சண்யம் இருக்காது, இருக்கவும் கூடாது.

பந்தலில் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் மருந்தடிப்பது. மற்ற பயிரில் மருந்து கீழே விழுகிறது. பந்தல் திராட்சையில் ஆள் கீழே நின்று மேல்நோக்கி அடிக்கிறார், அடித்தது அவர் முகத்திலேயே இறங்குகிறது. பூச்சிக்கொல்லி விதிகள் 1971ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் தர வேண்டும் என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. முண்டாசுத் துணியை வாயில் சுற்றிக்கொண்டு அடிப்பதுதான் நடப்பு. கவாத்துக்குப் பிறகு கொடி ஒரே சீராகத் துளிர்க்க நாசிக் பக்கம் ஹைட்ரஜன் சயனமைடு தடவுவார்கள். அதைத் தொட்டு வேலை செய்தவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறும். கல்லீரல் மதுவை உடைக்கும் வழியை அந்த மருந்து அடைத்துவிடுவதுதான் காரணம். அங்கே ஒரு மாலை, வேலை முடித்து இரண்டு வாய் குடித்த ஒருவரை இப்படித்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். புட்டியில் எழுதியிருந்த எச்சரிக்கை அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. நீங்கள் அதைப் பயன்படுத்துவதாக இருந்தால், முந்தைய நாளிலிருந்து அதன்பின் சில நாள்கள் வரை மது கூடாது என்று ஆட்களிடம் வாயால் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

விபத்து என்று வந்தால் விவசாயத்துக்கு நஷ்டஈடு இல்லை என்பதும் பாதி உண்மைதான். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், டிராக்டர் அல்லது மின்சாரத்தாலோ இயந்திர சக்தியாலோ ஓடும் கருவிகளைக் கொண்டு நடக்கும் விவசாயம் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பவர் ஸ்பிரேயரும் மோட்டாரும் இல்லாத திராட்சைத் தோட்டம் இன்று எங்கே இருக்கிறது? அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாதம் 15,000 ரூபாய் கூலி என்று வைத்து, 40 வயதில் ஒருவர் வேலையின்போது இறந்தால், கூலியில் பாதியான 7,500ஐ வயதுக்கான 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய். இதற்குக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். வருடாந்திரப் பிரீமியம் உங்கள் ஒரு மருந்தடிப்புச் செலவோடு ஒப்பிடும் அளவில்தான் பெரும்பாலும் வரும். தயவுசெய்து எடுங்கள்.

சரி, இப்போது ஆலைக்கு வருவோம். பழம் நசுக்கும் இயந்திரத்தில் விழுந்த நிமிடமே அது விவசாயம் இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மின்சாரத்தோடு 20 பேர் வேலை செய்தால் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின்படி அது தொழிற்சாலை. பழைய சட்டத்தில் இது 10 பேராக இருந்தது. 10 பேர் முதல் 19 பேர் வரை என்றாலும் நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும், நியமனக் கடிதம் தர வேண்டும். 10 பேர் வந்ததும் இ.எஸ்.ஐ. வரும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். 20 பேர் வந்ததும் பி.எஃப்., இரு தரப்பும் 12 சதவீதம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. வருடத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. மேஸ்திரி கொண்டுவரும் ஆட்களும் இந்தத் தலை எண்ணிக்கையில் சேர்வார்கள். பதிவேட்டில் ஒன்பது பெயர், கொட்டகையில் பதினான்கு பேர் என்று நடத்தும் ஆலைகளில் ஆய்வு வரும்போது முதலில் எண்ணப்படுவது மதியச் சாப்பாட்டுத் தூக்குகள்தான். ஒரு முறை என் கண்ணெதிரே நடந்தது.

அப்படியானால் பந்தல் ஆட்களையும் ஆலை ஆட்களையும் சேர்த்து எண்ணுவார்களா? இங்கேதான் நிச்சயமாகச் சொல்ல முடியாத பகுதி தொடங்குகிறது. பழைய பி.எஃப். சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட தொழில்களில் விவசாயப் பண்ணைகளும் பழத்தோட்டங்களும் நெடுங்காலமாகவே இருந்தன. "விவசாயத்துக்கு பி.எஃப். இல்லை" என்று சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தோட்டம் உங்கள் சொந்தப் பெயரில், ஆலை மூவர் கூட்டு நிறுவனத்தின் பெயரில், கணக்கு, ஆள், நிர்வாகம் எல்லாம் தனித்தனி என்றால் தனியாகவே பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். காலையில் பந்தலில் வெட்டிய அதே ஆட்கள் மாலையில் ஆலையில் தொட்டி கழுவுகிறார்கள், சம்பளம் ஒரே கையிலிருந்து வருகிறது என்றால் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். பாதி பாதியாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் போகலாம். தோட்டத்து ஓரத்தில் கொட்டகை போட்டுப் பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைப்பதும் இப்படி ஒரு எல்லைக்கோட்டு வேலை. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் "உற்பத்தி" என்ற வரையறைக்குள் விற்பனைக்காகப் பொதி கட்டுவதும் வருகிறது. வயலிலேயே பெட்டியில் அடுக்கினால் அறுவடையின் தொடர்ச்சி என்று வாதாடலாம். குளிரூட்டும் அறை வைத்து, வெளித் தோட்டத்துப் பழத்தையும் வாங்கி அடைத்தால் அந்த வாதம் நிற்காது.

இன்னொரு சந்தேகம். அபாயகரமான தொழில்களின் பட்டியலில் "நொதித்தல் தொழில்கள்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதன் கீழே வடிசாலை, பீர் ஆலை இரண்டும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒயின் ஆலை என்ற சொல் இல்லை. ஆகவே வராது என்று ஒருவர் சொல்வார், தலைப்பே போதும் என்று இன்னொருவர் சொல்வார். நான் ஆலோசனை சொல்லும் இடங்களில் வரும் என்றே வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறேன். காரணம் சட்ட வாதம் அல்ல, தொட்டி.

பழச்சாறு நொதிக்கும்போது சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாக மாறி வெளியேறுகிறது. ஒரு லிட்டர் சாறுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு. 5,000 லிட்டர் தொட்டி ஒன்று எவ்வளவு வெளியேற்றும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தொட்டிக்குள்ளும் தரையிலும் குழியிலும் தேங்கும். நிறமில்லை, பார்த்தால் வெறும் தொட்டி. ஒயினை இறக்கிய பிறகு அடியில் கிடக்கும் தோலையும் விதையையும் வாரிக் கழுவ ஒருவரை உள்ளே இறக்குவார்கள். நான்கைந்து மூச்சில் மயங்கி விழுவார். மேலே நிற்பவர் ஐயோ என்று பதறி உள்ளே குதிப்பார். இரண்டு பேர் போவது இப்படித்தான். நொதித்தல் எங்கே நடந்தாலும், எந்த நாட்டிலும், கதை மாறுவதே இல்லை. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், சுடர் அணைவதற்கு முன்பே ஆள் விழுந்துவிடலாம். பழைய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது போல இருந்தது. தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியோடு, இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கத்தான் இறங்கலாம். ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் அளக்கும் கையடக்கக் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதைவிட நல்லது, ஆளே இறங்கத் தேவையில்லாதபடி கீழே கதவு வைத்த தொட்டி வாங்குவது. தொட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்ற முடியாது.

கடைசியாக, பங்கு ஒப்பந்தம் பற்றி நீங்கள் கேட்காத ஒன்று. தொழிற்சாலைக்கு "ஆக்குபையர்" என்று சட்டப்படி ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் பங்காளிகளில் யாராவது ஒருவரை அப்படிக் கொள்ளலாம். "நான் பணம் மட்டும் போட்டேன், ஆலைப் பக்கமே போவதில்லை" என்பது அங்கே பதிலாகாது. ஆகவே பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், யார் ஆக்குபையர், யார் மேனேஜர், இ.எஸ்.ஐ., பி.எஃப். பணத்தை எந்தத் தேதியில் யார் கட்டுவது, தொட்டிக்குள் இறங்க அனுமதிச் சீட்டில் யார் கையெழுத்துப் போடுவது, இந்த நான்கையும் பெயரோடு எழுதி வாங்குங்கள். அதை எழுத நண்பர்கள் தயங்கினால், எவ்வளவு லாபம் சொன்னாலும் அந்தப் பங்கை எடுக்காதீர்கள்.